வாகன இருக்கையும் ஓர் அமானிதமே

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு நடத்திய சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சாலைப் பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட், வேகம், செல்போன் என்று பேசுவோம். அவையெல்லாம் அவசியமானவை. ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது நாம் யாரும் யோசிக்காத ஒரு பொருளைப் பற்றி. காரில் நாம் உட்காரும் சீட் பற்றி. ஏன் இதைப் பேசுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் என் தவறும் அடங்கியிருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் வலீமா விருந்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகன் வண்டி ஓட்டினார். பக்கத்தில் அவருடைய உம்மா. பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். மூன்று வயதுச் சின்னப் பிள்ளை பாட்டியின் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்தது. சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி மோதியது. முன்சீட்டின் சாய்மானம் அப்படியே பின்பக்கம் மல்லாந்து விழுந்தது. பாட்டிக்குச் சிராய்ப்புதான். அந்தப் பிள்ளை மறுநாள் மருத்துவமனையில் வஃபாத்தாகிவிட்டது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாவுக்கு நானும் போனேன். தக்தீர், பொறுமையாக இருங்கள் என்று எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். அதில் தவறில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. காவல்துறை வண்டியை விடுவித்ததும், "இந்த வண்டி வாசலில் நிற்க வேண்டாம், பார்க்கப் பார்க்க மனசு கஷ்டப்படும்" என்று சொல்லி, நானே ஒரு காயலான் கடைக்காரரை அழைத்து வந்து எடைக்குப் போட வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து அந்தப் பாட்டி அலுவலகத்துக்கு வந்தார்கள். உதவி கேட்க வரவில்லை. "தம்பி, என் உடம்புப் பாரம்தானே என் பேத்தியைக் கொன்னுச்சு? நான் முன்னால உக்காராம இருந்திருந்தா புள்ள இருந்திருக்கும்ல?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மகன் தொலைபேசியில் சொன்னார்: அந்தச் சீட்டின் லிவர் இரண்டு தடவை இழுத்தால்தான் பூட்டும், பழைய வண்டியாக வாங்கும்போதே சீட்டுக்கு அடியில் வெல்டிங் வைத்த தடம் இருந்தது. அது கம்பெனியின் குறையா, யாரோ ஒரு பட்டறையில் செய்த வேலையா, லாரியின் வேகத்துக்கு எந்த சீட்டும் தாங்கியிருக்காதா? பார்த்துச் சொல்ல வண்டி இல்லை. அதை இல்லாமல் ஆக்கியவன் நான்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

முதலில், சீட் என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். முன்பக்கம் மோதினால் நம் உடம்பு முன்னால் பாயும். பெல்ட்டும் ஏர்பேக்கும் பிடிக்கும். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் நடப்பது வேறு. கார் திடீரென்று முன்னால் தள்ளப்படுகிறது. நம் உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அப்போது நம்மைத் தாங்குவது பெல்ட் அல்ல, சீட்டின் சாய்மானம்தான். அது நின்றால் அடியின் பாரம் முதுகு முழுவதும் பரவும்; தலையை ஹெட்ரெஸ்ட் தாங்கும். அது சரிந்துவிட்டால் உடம்பு பெல்ட்டிலிருந்து நழுவி, சரிவில் ஏறுவதுபோல் பின்னால் போகும். தலை பின்சீட்டில் மோதி கழுத்து எலும்பு முறியலாம். கை கால் விளங்காமல் போகலாம். பின்னால் பிள்ளை இருந்தால், பெரியவரின் தலையும் தோளும் அந்தப் பிள்ளையின் மேல் விழும்.

நம் நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பின்னாலிருந்து மோதுபவை. ஆகவே இது எங்கோ அபூர்வமாக நடக்கும் காரியம் அல்ல.

இந்தக் குறையைப் பற்றி அதிகமாக வழக்காடியவர்கள் அமெரிக்காவில் உள்ள பெற்றோர்கள். அங்கே சீட்டின் பலத்துக்கு 207ஆம் எண் விதி என்று ஒன்று இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் வந்தது. ஆள் யாரும் இல்லாத சீட்டை ஒரு குறிப்பிட்ட விசையில் இழுத்துப் பார்ப்பார்கள், தாங்கினால் தேர்ச்சி. வண்டியை மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. விருந்து மண்டபத்தில் போடும் நாற்காலிகூட அந்தச் சோதனையில் தேறிவிடும் என்று பொறியாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 1989இலேயே இதை மாற்றுங்கள் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் மனு போனது. 15 ஆண்டு ஆராய்ந்துவிட்டு 2004இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 2021இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சொன்ன பிறகு, 2024 ஜூலையில்தான் புதிய விதிக்கான ஆரம்பக்கட்ட அறிவிப்பு வந்தது.

இதற்கிடையில் ஒரு வேதனையான காரியம் நடந்தது. 1990களில் ஏர்பேக் விரியும் வேகத்தில் முன்சீட்டில் இருந்த குழந்தைகள் இறந்தார்கள். அதனால் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள் என்று பெற்றோர்களுக்குச் சொல்லப்பட்டது. அது சரியான அறிவுரை, இன்றும் சரிதான். ஆனால் அவர்கள் போய் உட்கார்ந்த இடம், மல்லாந்து விழக்கூடிய முன்சீட்டுக்குப் பின்னால்.

2001 ஜூன் மாதம் டென்னசி மாநிலத்தில் ஒரு குடும்பம் 1998ஆம் ஆண்டு டாட்ஜ் மினிவேனில் போனது. எட்டு மாதக் குழந்தை, குழந்தைகளுக்கான சீட்டில் முறையாகக் கட்டப்பட்டு, முன்சீட்டுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து ஒரு பிக்கப் வண்டி மோதியது. முன்சீட்டு சரிந்தது. அதில் இருந்தவரின் தலை குழந்தையின் தலையில் மோதி, குழந்தை இறந்துபோனது. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்த பாதுகாப்புக் குழு, இந்த சீட்டுகள் போதாது என்று முன்பே எழுப்பியிருந்ததும், பிறகு அந்தக் குழுவே கலைக்கப்பட்டதும் நீதிமன்றத்தில் வெளிவந்தன. 2008இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் மீதான தண்டனை இழப்பீடாக 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல் உறுதி செய்தது.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது பணத்தை அல்ல. மோதிய ஓட்டுநர் மேல் பாதி, சீட் செய்த நிறுவனத்தின் மேல் பாதி என்று ஜூரிகள் குற்றத்தைப் பிரித்தார்கள். "லாரிக்காரன் இடித்தான், அவ்வளவுதான்" என்று நாம் முடித்துவிடுகிறோமே, அது முழு உண்மை அல்ல. இடித்தவனின் குற்றம் ஒன்று. இடித்தபோது காக்க வேண்டிய பொருள் காக்காமல் போனது இன்னொன்று. முதலாவது இருப்பதால் இரண்டாவது இல்லாமல் போய்விடாது.

கார் கம்பெனிகள் சொல்லும் மறுப்பையும் சொல்வதுதான் நியாயம். சீட்டு இரும்புத்தூண் போல விறைத்து நின்றால் கழுத்துக்கு வேறு விதமான அடி விழும். கொஞ்சம் வளைந்து கொடுப்பது நல்லது என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் வளைந்து கொடுப்பது வேறு, படுத்துவிடுவது வேறு. வோல்வோ நிறுவனம் 1998இலேயே, அடியைத் தாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டோடு பின்வாங்கும் சீட்டைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே செய்ய முடியாத காரியம் அல்ல.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டு வண்டிகள் திரும்ப அழைக்கப்படுகின்றன. 2022 டிசம்பரில் மாருதி சுசுகி, முன்சீட் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் பாகத்தில் குறை இருக்கலாம் என்று 9,125 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதமே, பின்சீட் பெல்ட் பொருத்தும் பிராக்கெட்டுக்காக 11,177 கிராண்ட் விட்டாரா வண்டிகளை அழைத்தது. குறையைத் தானே அறிவித்துச் சரிசெய்து தருவது நல்ல காரியம். அழைப்பு வந்தும் போகாமல் இருப்பதுதான் நம் தவறு. ரீகால் என்றால் பழுது பார்க்கக் காசு இல்லை. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள். ஏனென்றால் கம்பெனியின் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட் அல்லது குழந்தை சீட் இல்லாமல் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். 2022இல் மட்டும் பெல்ட் போடாததால் இந்தியாவில் 16,715 பேர் இறந்ததாக அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர், பயணிகள். அந்த ஆண்டு செப்டம்பரில் பால்கர் அருகே இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரின் பின்சீட்டில், பெல்ட் போடாமல் இருந்தார்.

இனி, நாம் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். தாய்மார்களும் கேட்டுக்கொள்ளுங்கள்; பல வீடுகளில் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று தீர்மானிப்பது நீங்கள்தான்.

முதலாவது, முன்சீட் இரண்டையும் சோதித்துப் பாருங்கள். சாய்மானத்தை நிமிர்த்திப் பூட்டிவிட்டு இரண்டு கையாலும் பின்னால் தள்ளுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பூட்டும் சத்தம் ஒரே தடவையில் கேட்க வேண்டும். அடியில் உள்ள தண்டவாளத்தில் சீட்டை நகர்த்திப் பூட்டிய பிறகு முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள். லூஸாக இருந்தால் கட்டை வைத்து முட்டுக்கொடுப்பது, வெல்டிங் வைப்பது என்று சமாளிக்காதீர்கள். அந்தப் பாகத்தையே மாற்றுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் காப்பாற்றிவிடலாம் என்பது நம் தாய்மார்களின் நம்பிக்கை. மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது.

இரண்டாவது, பிள்ளையின் இடம். பின்சீட்தான். முடிந்தால் முன்னால் ஆள் இல்லாத சீட்டுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். இரண்டு முன்சீட்டிலும் ஆள் இருந்தால், நடுவில் முழு பெல்ட் இருக்கும் பட்சத்தில் நடுவில். இல்லையென்றால் எடை குறைந்தவர் இருக்கும் சீட்டுக்குப் பின்னால். பின்பக்கம் பார்த்து வைக்கும் குழந்தை சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

மூன்றாவது, ஹெட்ரெஸ்ட். சட்டை மாட்டும் கொக்கியாக நினைத்துக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுகிறோம். அதன் மேல்விளிம்பு உச்சந்தலையின் உயரத்துக்கு வர வேண்டும். தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். ஓடும் வண்டியில் சீட்டைப் படுக்கைபோல் சாய்த்துத் தூங்காதீர்கள். பெல்ட் நெஞ்சைப் பிடிக்காது.

நான்காவது, சீட் கவர். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. ஒட்டுமொத்தமாக மூடித் தைத்த கவர் அதை விரியவிடாது. அதற்கென்று இடம் விட்டுத் தைத்த கவரை மட்டும் போடுங்கள்.

ஐந்தாவது, இரவல் குழந்தை சீட். வளைகுடாவிலிருந்து வரும் சகோதரர்கள் அங்கே பயன்படுத்திய சீட்டைக் கொண்டுவந்து உறவினருக்குக் கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருமுறை விபத்தில் சிக்கிய சீட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதன் அடியில் தயாரித்த தேதியும் காலாவதி விவரமும் இருக்கும், பாருங்கள். சீட்டுக்கும் ரீகால் உண்டு. 2014இல் அமெரிக்காவில் கிராகோ நிறுவனம் பூட்டு சரியாகத் திறக்கவில்லை என்பதற்காக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தை சீட்டுகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. தீப்பிடித்த வண்டியில் பூட்டுத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆறாவது, கல்யாண வேன்கள். கூடுதல் ஆள் ஏற்ற, தரைத்தகட்டில் நான்கு போல்ட் போட்டு பெஞ்ச் சீட் மாட்டுகிறார்கள். மோதும்போது அந்த பெஞ்ச் ஆட்களோடு பிடுங்கிக்கொண்டு வரும். சட்டமும் இப்படி மாற்றுவதை அனுமதிக்கவில்லை. மண்டபமும் பிரியாணியும் பேசி முடிவு செய்கிற நாம், வேன் பேசும்போது உள்ளே ஏறி சீட்டை ஒருமுறை ஆட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

அடுத்து, அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது?

கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால், தீ போன்ற ஆபத்து இல்லாதவரை ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். தலையை நேராகப் பிடித்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்கிறது. உதவி செய்தவரைக் காவல்துறையோ நீதிமன்றமோ அலைக்கழிக்காமல் இருக்க, சட்டத்தில் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

பிறகு, வண்டி. தயவுசெய்து என்னைப்போல் யாரும் ஆலோசனை சொல்லாதீர்கள். வண்டியை விற்காதீர்கள், சீட்டைக் கழற்றாதீர்கள், கழுவாதீர்கள். சாய்மானம் விழுந்திருக்கும் நிலை, லிவர், தண்டவாளம், பெல்ட், ஹெட்ரெஸ்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். சீட்டு சரிந்தது என்பதைப் புகாரிலும் சிகிச்சைக் குறிப்பிலும் எழுதச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியை எடுத்துக்கொள்ளும் முன், தனியாக ஒரு பொறியாளர் பார்க்கும்வரை நிறுத்தி வைக்க எழுத்தில் கேளுங்கள்.

மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். பொருளின் குறைக்காக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு. தயாரித்தவர், விற்றவர், பழுது பார்த்தவர் மூவரும் பொறுப்பாக்கப்படலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வழி கேட்க 1915 என்ற எண்ணில் பேசலாம். "கம்பெனியோடு நாம் மோத முடியுமா?" என்று தயங்காதீர்கள். 2022 ஏப்ரலில் ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் காரின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே தீர்ப்பளித்தது. மோதிய வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்கியவர் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்ற கருத்தை நீதிமன்றம் சொன்னது.

மதரஸாவில் வியாபாரச் சட்டங்கள் ஓதியபோது, விற்ற பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று உஸ்தாத் பாடம் நடத்தினார்கள். குறை தெரிந்தும் சொல்லாமல் விற்பவர் மோசடிக்காரர். அன்று மாட்டையும் துணியையும் உதாரணமாகச் சொன்னார்கள். நம்மில் பழைய கார் வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள், பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் பணிவோடு சொல்கிறேன்: சீட்டுக்கு அடியில் உள்ள வெல்டிங்கைச் சொல்லாமல் கவர் போட்டு விற்காதீர்கள். அந்த சீட்டுக்குப் பின்னால் யாருடைய பிள்ளையோ உட்காரப் போகிறது. நடந்ததை தக்தீர் என்று ஏற்பது ஈமான். தக்தீரைச் சொல்லிக் குறையை மூடுவது அநீதி.

நம் அறக்கட்டளை சார்பாக ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் ஓர் இளைஞர் இருப்பார். ஆர்.சி.யைக் கொண்டுவந்தால் ரீகால் உண்டா என்று பார்த்துச் சொல்வார். விபத்துக்குள்ளான வண்டியை நிறுத்தி வைக்க இடமில்லாதவர்கள் நம் கிடங்கின் பின்புறத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, அந்தப் பாட்டிக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "லாத்தா, ஒரு பெரிய ஆள் சாய்ந்து உட்காரத்தான் அந்த சீட்டைச் செய்திருக்கிறார்கள். உங்கள் பாரத்தைத் தாங்குவது அதன் வேலை. அது தாங்கவில்லை. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வண்டியை விற்க வைத்து, காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்தவன் நான். என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "இதை நாலு பேருக்குச் சொல்லுங்க தம்பி" என்றார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இன்று சொன்னேன்.

பயணத்துக்குரிய துஆவை ஓதி ஏறுங்கள். ஏறியதும் சாய்மானத்தை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளையும் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.